நான் முதலில் படித்த இங்கிலீஷ் வார்த்தை

முழங்கால் தைலமும் சர்க்கரை மாத்திரையுமாக உட்கார்ந்திருக்கும் என் வயதுக்காரர்களே, உங்களிடம் ஒரு கேள்வி. நீங்கள் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் இங்கிலீஷ் வார்த்தை எது? ஆப்பிள் என்பீர்கள். கேட் என்பீர்கள், பூனையே வளர்க்காதவர்கள்கூட. எனக்கு வாய்த்தது லேண்ட்லெஸ். ஆப்பிளை நான் ருசி பார்த்ததே கல்யாணத்துக்கு அப்புறம்தான். இந்த வார்த்தை மட்டும் பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டிலேயே இருந்திருக்கிறது, பெயர்தான் எனக்குத் தெரியாமல் இருந்தது.

இதை இப்போது ஏன் கிளறுகிறேன் என்றால், போன மாதம் பக்கத்து வீட்டுப் பெண் செல்போனை நீட்டி, "அத்தே, இந்தக் கட்டத்துல டிக்கு போடணுமா வேணாமா, சொல்லு" என்று கேட்டாள். ஏதோ சலுகைக்கான விண்ணப்பம். கட்டத்துக்குப் பக்கத்தில் அதே வார்த்தை. முப்பது வருஷத்துக்கு மேல் தபால் ஆபீசில் உட்கார்ந்து ஊரார் விலாசத்தையெல்லாம் படித்தவள் நான். அந்த ஒரு வார்த்தையைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன். டிக் போடும்மா என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

மறுநாள் கள்ளக்குறிச்சி நூலகத்துக்குப் போய், யாரும் தொடாமல் தூசி படிந்து கிடந்த பெரிய இங்கிலீஷ் அகராதியை இறக்கச் சொன்னேன். எனக்குத் துரோகம் செய்த ஆளின் ஊர், பேர், குலம், கோத்திரம் விசாரிப்பது மாதிரிதான். அந்த வார்த்தைக்கு ஆயிரம் வருஷத்துக்கு மேல் வயதாகிறதாம். அதன் தலைப்பாதியான லேண்டுக்கு அக்கம்பக்கத்து பாஷைகளில் சொந்தக்காரர்கள் உண்டு. ஒரு பாஷையில் அந்தச் சொந்தக்கார வார்த்தைக்குத் தரிசு என்று அர்த்தம். இன்னொன்றில் வேலி அடைத்த இடம். ஒரே குடும்பத்தில் ஒருத்தன் தரிசில் நிற்கிறான், இன்னொருத்தன் வேலிக்குள் உட்கார்ந்திருக்கிறான். இது எங்கள் ஊர் நடப்புதானே என்று தோன்றியது.

வால்பாதி லெஸ் இருக்கிறதே, அது கம்மி என்று நாம் படித்த லெஸ் இல்லையாம். வேறு வம்சம். கட்டவிழ்ந்த, விடுபட்ட, இல்லாத என்று பொருள்படும் பழைய வார்த்தையிலிருந்து வந்தது. சட்டை லூஸாக இருக்கிறது என்கிறோமே, அந்த லூஸ் இதற்குப் பங்காளி. இங்கிலாந்தில் ஒரு ராஜாவுக்கே நிலமில்லாதவன் என்று பட்டப்பெயர் இருந்ததாம், இதே பொருளில் வேறொரு வார்த்தையில். கடைசிப் பிள்ளை, அப்பன் பாகம் பிரித்தபோது அவனுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. நூலகத்தில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். நூலகர் என்னைத் திரும்பிப் பார்த்தார். என் அப்பாவுக்கும் அந்த ராஜாவுக்கும் ஒரே பட்டம் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

எனக்கு அப்போது பதினோரு வயது. கள்ளக்குறிச்சிக்கும் வடக்கனந்தலுக்கும் நடுவில் எங்கள் ஊர். ஊர் தனி, எங்கள் தெரு தனி. மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை நீளமாகப் படுத்திருக்கும். ஐப்பசியில் மலை மேல் கருத்தால் எங்கள் தெருவில் விறகை உள்ளே தூக்கி வைப்போம். அந்த வருஷம் மழை சரியாக அமைந்து, மல்லாட்டை நன்றாகக் காய்த்திருந்தது. வேர்க்கடலை என்று கடையில் வாங்குகிறீர்களே, அதற்கு எங்கள் பக்கத்துப் பெயர் மல்லாட்டை.

மல்லாட்டை பிடுங்கும் நாட்களில் தெருவில் ஒரு ஆள் தங்காது. பள்ளிக்கூடத்தில் பாதி பெஞ்சு காலி. செடியைப் பிடித்து இழுத்தால் ஈரமண்ணோடு கொத்தாக வரும். உதறும்போது மண் கண்ணில் விழும், பச்சை வாசனை மூக்கில் ஏறும். அம்மா மடியில் கொஞ்சம் ஒளித்துக்கொண்டு வருவாள். கொஞ்சம் என்றால் கொஞ்சமே, அதைப் பெரியவூட்டுக்காரர் கண்டும் காணாமல் விட்டுவிடுவார். சாயங்காலம் உப்புப் போட்டு மண்சட்டியில் அவித்தால் தெரு முழுக்க ஒரே மணம். அந்தச் சட்டியின் விளிம்பில் ஒரு பல் உடைந்திருக்கும், கஞ்சி ஊற்றும்போது அந்த வழியாகத்தான் வழியும். அந்தச் சட்டி எப்போது போனது என்றே தெரியவில்லை. இன்று வீட்டில் குக்கர் மூன்று இருக்கிறது, அந்த மணம் ஒரு தடவைகூட வரவில்லை.

பெரியவூட்டுக்காரர் என்றால் ஊர்க் காடு கழனியில் பாதிக்குச் சொந்தக்காரர். அப்பா அவரிடம் வேலை பார்த்தார், அப்பாவின் அப்பாவும் அவர் வீட்டில்தான். மேட்டுக்கொல்லை என்று கிணற்றோரம் ஒரு துண்டு புஞ்சை, நடுவில் ஒற்றை வேப்பமரம். அதை உழுவது, விதைப்பது, காவல் இருப்பது எல்லாம் அப்பாதான். அந்தக் கொல்லையைச் சுற்றியிருந்த வரப்பில் துவரை போட்டுக்கொள்ள எங்களுக்கு அனுமதி. வரப்பில் விளைவது வேலைக்காரனுக்கு என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஒரு சாண் அகலம், நாலு பக்கமும் ஓடும். அப்பா வாயில் அந்தத் துண்டு எப்போதும் "நம்ம கொல்ல"தான். ஆடு மேய்ந்துவிட்டால், "எவன்டா நம்ம கொல்லைல ஆட்ட வுட்டது?" என்று அவர் போடும் சத்தத்தைக் கேட்டால் பட்டாவே அவர் கோவணத்தில் முடிந்திருக்கிறது என்று நினைப்பீர்கள்.

அந்தச் சமயத்தில்தான் அக்காவைச் சின்னசேலத்திலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். அக்காவுக்குப் பதினெட்டு இருக்கும். என்னைவிட நிறம் கம்மி, வேலையில் என்னைவிட நூறு மடங்கு. மாப்பிள்ளையின் அப்பா தாட்டியான ஆள், மஞ்சள் பை இல்லாமல் நடக்கமாட்டார். நாங்கள் அவரைச் சின்னசேலத்து மாமா என்போம். வந்தவர் அக்காவைப் பார்த்தார், காப்பி குடித்தார், "அப்புறம், கொல்ல காடெல்லாம் எப்பிடி?" என்று மெதுவாகக் கேட்டார்.

எங்கள் தெருவில் ஒரு ஏற்பாடு இருந்தது, உங்கள் தெருக்களிலும் இருந்திருக்கும். பெண் பார்க்க ஆள் வந்தால் தெருவே சேர்ந்து அந்த வீட்டைத் தூக்கி நிறுத்தும். எதிர்வீட்டுப் பசுமாடு இந்த வீட்டு முளைக்கு வரும். பித்தளைக் குடம் ஒரு வீடு, ஜமக்காளம் ஒரு வீடு என்று வந்து சேரும். பெண்ணைப் பெற்றவன் என்ன சொன்னாலும் தாலி ஏறும்வரை தெருவில் ஒருத்தரும் மறுத்துப் பேசக் கூடாது. மறுத்துப் பேசிய ஒரு குடும்பத்தோடு இரண்டு தலைமுறை பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்ததை நானே பார்த்திருக்கிறேன். அன்றைக்கும் எங்கள் வாசலில் எங்களுடையது அல்லாத பசு ஒன்று அசை போட்டுக்கொண்டிருந்தது.

பெரியவூட்டுக்காரர் அன்று ஊரில் இல்லை. அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வாங்க, பாத்துட்டு வந்துரலாம்" என்று மாமாவை மேட்டுக்கொல்லைக்கே அழைத்துப் போனார். நானும் பின்னால் ஓடினேன். வரப்புத் துவரை மஞ்சளாகப் பூத்திருந்தது. கிணற்றில் தண்ணீர் கைக்கு எட்டுகிற மாதிரி நின்றது. அப்பா வேப்பமரத்தடியில் நின்று கையை வீசி, "இதான் நம்ம கொல்ல" என்றார். மாமா குனிந்து மண்ணை எடுத்து நசுக்கிப் பார்த்தார். "செவப்பு மண்ணு. மல்லாட்டைக்கு நல்லாருக்கும்" என்றார். அப்பாவுக்கு முகம் பூரித்துவிட்டது. அவர் பொய் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தினம் சொல்வதைத்தானே சொன்னார்.

சம்பந்தம் முடிவானது. தையில் கல்யாணம் என்று பேச்சு.

பத்து நாள் போயிருக்காது, தண்டோரா போட்டார்கள். மலையடிவாரத்தில் கிடக்கிற தரிசை நிலமில்லாதவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்போகிறார்கள், பட்டியல் எழுத அதிகாரி வருகிறார், பள்ளிக்கூடத்து வாசலில் கூப்பிட்டுக் கேட்டு எழுதுவார், நிலம் இருக்கிறவன் பெயரை அடித்துவிடுவார். தெருவில் அன்றைக்குப் பேசாத வாய் இல்லை. கல்லும் முள்ளும்தான் கிடைக்கும் என்றார்கள் சிலர். கல்லாக இருந்தாலும் நம்ம கல் என்றார்கள் சிலர்.

பட்டியல் எழுதும் ஃபாரக் கட்டு முந்தின நாளே எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டது. வாத்தியார் என்னைக் கூப்பிட்டு, தாள்களை ஐம்பது ஐம்பதாக அடுக்கச் சொன்னார். எழுத்தெல்லாம் தமிழ்தான், தலைப்பில் மட்டும் கொட்டை எழுத்தில் இங்கிலீஷ். எல், ஏ, என், டி. ஆறாவதில் அந்த எழுத்தெல்லாம் அப்போதுதான் பழகியிருந்தேன். விரலை வைத்துக் கூட்டிக் கூட்டிப் படித்துவிட்டேன். வாத்தியாருக்கு ஆச்சரியம். "லேண்டுன்னா நெலம். லெஸ்ஸுன்னா கம்மி. நெலம் கம்மியா..." என்று ஆரம்பித்தவர், "இல்லல்ல, ஒண்ணுமே இல்லாதவங்கன்னு அர்த்தம்" என்று திருத்திக்கொண்டார். பாவம், அவருக்கும் அந்த வார்த்தையின் வால் வழுக்கியிருக்கிறது.

நான் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டே வீட்டுக்கு ஓடினேன். "யப்பா, நம்மளுக்கு இங்கிலீஷுல பேரு இருக்குது! லேண்ட்லெஸ்ஸு! நெலம் இல்லாதவங்க!"

கஞ்சி குடித்துக்கொண்டிருந்த அப்பா சட்டியைக் கீழே வைத்தார். "யார்ரி நெலம் இல்லாதவன்?" என்றார். ஒரு அறை விழும் என்று நினைத்தேன். விழவில்லை. அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

அதற்கப்புறம் வீட்டில் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடந்த சண்டை இருக்கிறதே, அது அப்படியே காதில் இருக்கிறது.

"பேரக் குடுத்துட்டு வாய்யா. ஊரே குடுக்குது" என்றாள் அம்மா.

"ஊருக்கு இன்னா, எவன் வூட்லயாச்சும் தையில கல்யாணம் வெச்சிருக்குதா? ஒண்ணுமில்லாதவன்னு பேர் போட்டுக் கூவுவான். அந்த மாமன் காதுல வுழுந்தா இன்னா ஆவும்? மண்ண நசுக்கிப் பாத்துட்டுப் போன ஆளு."

"நெலம் வந்தா இவன் இல்லன்னா இன்னொருத்தன் வரான்."

"பேசி முடிச்ச பொண்ணுடி அது. நின்னுபோச்சுன்னா எவன் வருவான்?"

கல்யாணப் பேச்சு நின்றுபோன பெண்கள் இரண்டு பேர் எங்கள் தெருவிலேயே நரைத்துக்கொண்டிருந்தார்கள். அக்காவைப் பார்த்தேன். அவள் பாட்டுக்கு மூலையில் உட்கார்ந்து, அவிக்கப் போகிற மல்லாட்டையிலிருந்து திரண்ட காயாகப் பொறுக்கிப் பொறுக்கித் தனியாக வைத்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நாளாகவே அவளுக்கு இந்தப் பழக்கம். பூசணி அரிந்தால் விதையைச் சாம்பலில் புரட்டிக் காயவைப்பாள். அவரை, ஆமணக்கு என்று யார் வீட்டில் பார்த்தாலும் நாலு விதை வாங்கி வருவாள். எல்லாம் அம்மாவின் பழைய புடவைத் துணியில் சின்னச் சின்ன முடிச்சுகள். கூரை வாரையில் வரிசையாகத் தொங்கும். ஊதா நிறத் துணி, வெள்ளைப் புள்ளி போட்டது.

"எதுக்குக்கா இது?" என்று கேட்டேன்.

"சும்மாதான்" என்றாள்.

புருஷன் வீட்டுக்குக் கொண்டுபோகச் சேர்க்கிறாள், வெட்கத்தில் சொல்லமாட்டேன் என்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன். பதினோரு வயதில் எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும்.

பட்டியல் எழுதும் நாளில் அப்பா வெளுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். கடைசியில் அம்மாதான் ஜெயித்திருந்தாள். சின்னசேலம் ரொம்ப தூரம், யார் போய்ச் சொல்லப்போகிறார்கள், தெருவில்தான் யாரும் வாய் திறக்கமாட்டார்களே என்று ராத்திரியெல்லாம் சொல்லி அவரைக் கரைத்திருந்தாள். அம்மாவும் அக்காவும் பெண்கள் பக்கம் நின்றார்கள். நான் புத்தகம் வைக்கும் தகரப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்பா பக்கத்தில் நின்றேன். பூவரச மரத்தடியில் மேசை. அதிகாரி வெளியூர்க்காரர், சின்ன வயசு. பக்கத்தில் கணக்குப்பிள்ளை. கொஞ்சம் தள்ளி நாற்காலி போட்டுப் பெரியவூட்டுக்காரர்.

ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள். "நெலம் இருக்கா?" "இல்லைங்க." "இருக்கா?" "இல்லைங்க." அந்த "இல்லைங்க"வில் ஒரு கொண்டாட்டமே இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக இல்லை என்று சொன்னால் ஏதோ கிடைக்கப்போகிறது.

அப்பாவுக்கு முன்னால் இன்னும் இரண்டு பேர். அப்போது மதிய பஸ் வந்து நின்றது. இறங்கியவர்களில் ஒரு மஞ்சள் பை. கல்யாணத் தேதி குறித்துக்கொண்டு சின்னசேலத்து மாமா வந்திருந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் என்ன ஏது என்று பின்னால் வந்து நின்றுகொண்டார். அப்பா திரும்பிப் பார்த்தார். அவர் கழுத்தில் வியர்வை இறங்குவதை நான் பார்த்தேன்.

அப்பா பெயரைக் கூப்பிட்டார்கள்.

"நெலம் இருக்காய்யா?"

அப்பா அதிகாரியைப் பார்த்துச் சொன்னார், "இருக்குதுங்க."

எங்கள் தெரு ஆட்கள் அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். அத்தனை பேருக்கும் மாமாவைத் தெரியும், பசு கொடுத்தவர், குடம் கொடுத்தவர் எல்லோருக்கும். ஒருத்தர் வாய் திறக்கவில்லை. மறுத்துப் பேசக் கூடாது என்ற கட்டுப்பாட்டை அப்படியே காப்பாற்றினார்கள். கணக்குப்பிள்ளை பெரியவூட்டுக்காரரைப் பார்த்தார். பெரியவூட்டுக்காரர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். எல்லோரும் மலையடிவாரத்துக்குப் போய்விட்டால் அவர் மல்லாட்டையை யார் பிடுங்குவது? அது எனக்கு அப்போது புரியவில்லை. பெரிய மனுஷன், அப்பாவின் மானத்தைக் காப்பாற்றுகிறார் என்று நினைத்து அவர்மேல் எனக்கு மரியாதைகூட வந்தது. நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

அதிகாரிக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. அப்பாவின் காலைப் பார்த்தார், வெளுத்த சட்டையின் கிழிசலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மேசைக்கு மேலாகக் குனிந்து, "பாப்பா, படிக்கிறியா? பொய் சொல்லக் கூடாது. உங்க நெலம் எங்க இருக்கு, சொல்லு" என்றார்.

மேசைமேல் அந்தத் தாள் இருந்தது. தலைகீழாக இருந்தும் அந்த வார்த்தையை என்னால் படிக்க முடிந்தது. அதைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் எங்கள் தெருவில் நான்தான். "இல்லைங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் எழுதிவிடுவார். அம்மாவின் கண் என்மேல்தான் இருந்தது. சொல்லு சொல்லு என்றது அந்தக் கண். அவளுக்குப் பக்கத்தில் அக்கா, கையில் முந்தானையைச் சுருட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பின்னால் மஞ்சள் பை. கல்யாணத்துக்காகத்தான் அக்கா அப்படிப் பார்க்கிறாள், நான் கெடுத்துவிடுவேனோ என்று பயப்படுகிறாள் என்று எனக்குத் தோன்றியது.

கையை நீட்டினேன். "அதோ, அந்த வேப்பமரம் தெரியுது பாருங்க. அந்தக் கொல்லைங்க. வரப்புல தொவர போட்டிருக்கோம்."

அவ்வளவு விவரமாகப் பொய் சொல்ல யார் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. அதிகாரி பேனாவால் ஒரு கோடு இழுத்தார். அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள். மாமா வந்து அப்பா தோளில் கை போட்டு, "தை பதினாலு, நல்ல நாளுங்க" என்றார். அம்மா எங்களுக்கு முன்னால் வேகமாக வீட்டைப் பார்த்து நடந்தாள். அப்பா எனக்குக் கடையில் பொரி உருண்டை வாங்கிக் கொடுத்தார். அதை நான் தின்றேன், நல்ல ருசியாக இருந்தது.

கல்யாணம் நடந்தது. அக்கா போகும்போது வாரையில் தொங்கிய முடிச்சுகளையும் எடுத்துக்கொண்டு போனாள். ஆடிக்கு அம்மா வீட்டுக்கு வந்தபோதுதான் சங்கதி தெரிந்தது. சின்னசேலத்திலும் ஒரு குழி நிலம் கிடையாது. நாங்கள் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனபோது தொழுவத்தில் நின்ற ஜோடி மாடு யாருடையதோ. மாமா காட்டிய கரும்புக் கொல்லை யாருடையதோ. அவர் ஊரிலும் பட்டியல் எழுதியிருக்கிறார்கள். சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்துவிடுமே என்று அவரும் பெயர் கொடுக்கவில்லை. இரண்டு கிழவர்களும் ஒருத்தர் காதுக்கு ஒருத்தர் பயந்து நிலத்தை விட்டிருக்கிறார்கள். அம்மா சிரித்தாளா அழுதாளா என்று சொல்லமுடியாத ஒரு சத்தம் போட்டாள்.

தெருவில் மற்றவர்களுக்கு நிலம் வந்தது. கல் பொறுக்கினார்கள், முள் வெட்டினார்கள், ஐந்தாறு வருஷத்தில் மரவள்ளி நின்றது. நாங்கள் அங்கே கிழங்கு பிடுங்கக் கூலிக்குப் போனோம். அடித்த பெயருக்கு நேராக இருந்திருக்க வேண்டிய துண்டு எது என்று அம்மா ஒரு தடவை என்னைக் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அப்பா அதற்கப்புறம் "நம்ம கொல்ல" என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஆடு மேய்ந்தால் "பெரியவூட்டுக் கொல்லைல ஆடு வுழுந்துருச்சு" என்பார், சத்தமில்லாமல். அவர் சாகும்வரை என்னிடம் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் பேசவில்லை. இன்று மேட்டுக்கொல்லையில் மஞ்சள் வர்ணம் அடித்த கல் நட்டு மனை போட்டிருக்கிறார்கள். வேப்பமரம் இல்லை.

போன வாரம் சின்னசேலம் பஸ் பிடித்து அக்காவைப் பார்க்கப் போனேன். அகராதியில் கண்டுபிடித்ததையெல்லாம் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போயிருந்தேன். வயதான காலத்தில் ஒரு பாவத்தை இறக்கி வைக்க வேண்டும், அதற்கு ஒரு சாக்கு. அக்கா மகன் வீட்டில் இருக்கிறாள், ரயில் பாதைக்குப் பக்கத்தில். அத்தான் போய் நாலு வருஷமாகிறது. கட்டிலில் உட்கார்ந்து இரண்டு பேரும் டீ குடித்தோம்.

"அக்கா, ஒரு இங்கிலீஷ் வார்த்தையப் பத்தி ஒங்கிட்ட பேசணும்" என்று ஆரம்பித்தேன். வார்த்தையை விட்டுவிட்டு நடந்ததைச் சொன்னேன். "அன்னிக்கி பட்டியல் எழுதறப்ப எனக்கு எல்லாம் தெரியும்க்கா. இல்லன்னு சொன்னா நெலம் வரும்னு தெரியும். ஒன் கல்யாணம் நின்னுடக் கூடாதுன்னுதான் கைய நீட்டிட்டேன். நீ என்னையே பாத்துக்கினு இருந்தியே."

அக்கா டம்ளரைக் கீழே வைத்தாள்.

"இல்லன்னு சொல்லுடி சொல்லுடின்னு பாத்துக்கினு இருந்தேன்" என்றாள்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. "கல்யாணம்?"

"கல்யாணத்துக்கு இன்னா. அப்ப நான் அவர ஒரு வாட்டிதான் பாத்திருந்தேன். நெலத்த அதுக்கு முன்னாடியே பாத்துட்டேன். வெறவு பொறுக்கப் போறப்ப அடிவாரத்துல அந்த எடத்தையெல்லாம் நடந்து நடந்து பாப்பேன். தண்டோரா போட்ட அன்னிக்கே எனக்குத் தூக்கம் போச்சு. நீதான் பாத்தியே, அவ்ளோ வெதை சேத்து வெச்சேனே, எதுக்காம்?"

நான் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் ஜன்னலைப் பார்த்தேன். ஐம்பது வருஷமாக அக்காவுக்காகச் செய்தேன், அக்காவுக்காகச் செய்தேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவளை ஒருத்தரும் கேட்கவில்லை. அப்பா கேட்கவில்லை, அம்மா கேட்கவில்லை. நான் மட்டும்தான் கேட்டேன், எதுக்குக்கா இது என்று. அவள் சும்மாதான் என்றதும் விட்டுவிட்டேன்.

"அந்த வெதையெல்லாம் இன்னாக்கா ஆச்சு?"

"எங்க போடறது? இங்க வாசலே ரயில்வேகாரனோட மண்ணு. மொத வருசம் மழ இல்லாம வேல இல்ல. வறுத்துத் தின்னுட்டோம்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். பொக்கை வாய்ச் சிரிப்பு. "பூசணி வெத வறுத்தா நல்லாத்தான் இருக்குது."

ஒரு ரயில் போனது. கட்டில் அதிர்ந்தது.

"எல்லாம் மனசுல போட்டு வெச்சிருந்தேன்" என்றாள் அக்கா. "வடக்கால மல்லாட்ட. தெக்கால மேடு, அங்க கம்பு. வரப்பு சுத்திலும் ஆமணக்கு, உள்வரப்புல தொவர. குட்டைக்கிட்ட ஈரம் இருக்கும், அங்க பூசணி, பந்தல் போட்டு அவர." சொல்லும்போது அவள் கை கட்டில்மேல் ஒவ்வொரு இடமாகத் தொட்டுக் காட்டிக்கொண்டே போனது. பிறகு நினைவு வந்தவளாக, "ஆமா, என்னமோ இங்கிலீஷு வார்த்தன்னியே, இன்னாது அது?" என்று கேட்டாள்.

தாள் என் பையில் இருந்தது. "ஒண்ணுமில்லக்கா" என்றேன்.

கட்டிலில் அவள் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்து, "வடக்கால இன்னா போட்டிருப்ப? திரும்பச் சொல்லு" என்று கேட்டேன். அவள் கட்டிலில் கையை வைத்து, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.